பந்தயம் கட்டியவரும் ஆட்டத்தை விற்றவரும் ஒன்றா?

அமெரிக்காவின் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காகக் கால்பந்து ஆடிய ஹன்டர் டெக்கர்ஸ் மீது 2023 ஆகஸ்டில் வழக்கு பதிவானது. அப்போது அவர் அந்த அணியின் முதன்மை குவார்ட்டர்பேக். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் அணியின் ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலும் குவார்ட்டர்பேக்கின் கை வழியாகத்தான் நகரும். 2022 சீசனில் அவர் 3,000 கெஜத்துக்கு மேல் பந்து எறிந்திருந்தார். வேறொருவர் பெயரிலான கணக்கைப் பயன்படுத்தி, சட்டம் அனுமதிக்கும் 21 வயது நிரம்பும் முன்பே பந்தயம் கட்டத் தொடங்கினார் என்பது புகார். மொத்தம் 366 பந்தயங்கள், சுமார் 2,800 டாலர். அவற்றில் 26 அவருடைய பல்கலைக்கழக அணிகளின் மீது கட்டப்பட்டவை. அவற்றுள் ஒன்று 2021இல் ஓக்லஹோமா ஸ்டேட் அணியுடன் அவருடைய அணியே மோதிய கால்பந்து ஆட்டம். அன்று அவர் மாற்று வீரர், களமிறங்கவில்லை.

ஆவணத்தில் முறைகேடு செய்தார் என்ற பெரிய குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. வயது நிரம்பாமல் பந்தயம் கட்டியதை ஒப்புக்கொண்டு, 645 டாலர் அபராதம் கட்டினார். நீதிமன்றத்தின் கணக்கு அத்தோடு முடிந்தது. விளையாட்டின் கணக்கு முடியவில்லை. 2023 சீசன் முழுவதும் கைநழுவியது. அயோவா ஸ்டேட் அணிக்கு அவர் மீண்டும் ஆடவே இல்லை. வேறு அமைப்பின் கீழ் இயங்கும் ஈராண்டுக் கல்லூரியான அயோவா வெஸ்டர்னில் 2024இல் ஆடித் தன்னை மீண்டும் நிரூபிக்க வேண்டியிருந்தது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். நடத்தும் வீரர் தேர்வில் அவர் பெயரை எந்த அணியும் சொல்லவில்லை. 2025 மே மாதம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி புதுமுக வீரர் முகாமில் சோதித்துப் பார்த்த பிறகே ஒப்பந்தம் கிடைத்தது.

சராசரியாக எட்டு டாலருக்கும் குறைவான பந்தயங்களுக்கு ஒரு விளையாட்டு வாழ்க்கையே விலையாக வேண்டுமா? கூடாது என்பதே நம் நிலைப்பாடு. அவர் செய்தது தவறுதான், தண்டனையும் தேவைதான். ஆனால் பந்தயம் கட்டியவரையும் ஆட்டத்தையே விற்றவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் தண்டனை முறை நியாயமற்றது. அது ஆட்டத்தின் நேர்மையையும் காப்பாற்றாது.

கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியக் கழகமான என்.சி.ஏ.ஏ.வின் விதி, தான் சாம்பியன்ஷிப் நடத்தும் எந்த விளையாட்டின் மீதும் வீரர்கள் பந்தயம் கட்டக் கூடாது என்கிறது. கல்லூரி ஆட்டம், தொழில்முறை ஆட்டம் இரண்டுக்கும் இது பொருந்தும். 2023 ஜூனில் அது வெளியிட்ட வழிகாட்டுதல் தண்டனையைப் படிப்படியாக வகுத்தது. பிற ஆட்டங்களில் 200 டாலருக்குள் கட்டியவருக்குப் பயிற்சி வகுப்பு மட்டும். 800 டாலரைத் தாண்டினால் சீசனின் 30 சதவீத ஆட்டங்கள் போகும். தன் ஆட்டத்தின் முடிவை மாற்ற முயன்றவர், அணியின் ரகசியத்தைச் சூதாட்டக்காரர்களுக்குக் கொடுத்தவர், தன் ஆட்டத்தின் மீதே பந்தயம் கட்டியவர் ஆகிய மூவருக்கும் ஆடும் தகுதி நிரந்தரமாகப் பறிபோகலாம்.

கோளாறு இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பந்தைத் தவறவிட்ட துரோகியும், பெஞ்சில் உட்கார்ந்தபடி தன் அணி வெல்லும் என்று சில டாலர் கட்டிய அசட்டுப் பையனும் அங்கே ஒரே கூண்டில் நிற்க நேர்கிறது. கல்லூரி வீரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நான்கே சீசன்கள். அதில் ஒன்று போனாலே கால்வாசி போயிற்று. அந்த ஆட்டங்களைப் பார்த்துத்தான் என்.எஃப்.எல். அணிகள் ஆள் எடுக்கின்றன. ஆடாதவரை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காதவரை யாரும் எடுப்பதுமில்லை.

கோடிகளில் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரரின் கதை வேறு. 2021 நவம்பரில், அணியை விட்டு விலகியிருந்த சமயத்தில், அட்லாண்டா ஃபால்கன்ஸ் வீரர் கால்வின் ரிட்லி சுமார் 1,500 டாலர் பந்தயம் கட்டினார். தன் அணி ஆடிய ஆட்டமும் அதில் இருந்தது. என்.எஃப்.எல். அவரை 2022 சீசன் முழுவதும் விலக்கிவைத்தது. 1 கோடியே 10 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட சம்பளம் போயிற்று. கடுமையான தண்டனைதான், ஆனால் அதற்கு ஒரு முடிவு இருந்தது. 2023இல் திரும்பி வந்தார். 2024இல் டென்னசி டைட்டன்ஸ் அணி நான்கு ஆண்டுகளுக்கு 9 கோடியே 20 லட்சம் டாலர் மதிப்பில் அவரை ஒப்பந்தம் செய்தது. 1963இல் பந்தயம் கட்டியதற்காக ஓராண்டு விலக்கப்பட்ட பால் ஹோர்னங்கும் அலெக்ஸ் காரஸும் பிற்காலத்தில் புகழ் மண்டபத்திலேயே இடம்பெற்றார்கள். இன்றைய என்.எஃப்.எல். விதியும் தன் அணி மீது பந்தயம் கட்டுபவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள், ஆட்டத்தை விற்பவருக்கு ஆயுள் தடை என்று பிரித்தே வைத்திருக்கிறது. தொழிலுக்கு வந்தவருக்குத் திரும்பிவரும் வழியைத் திறந்துவைத்துவிட்டு, இருபது வயது மாணவருக்கு மட்டும் கதவை அடைப்பது எந்த ஊர் நீதி?

தண்டிக்கும் கைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்துவந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்த ஆண்டே அயோவா தன் கதவைத் திறந்தது. சூதாட்டக்கூடம் கைபேசிக்குள் குடியேறியது. என்.எஃப்.எல். 2021இல் சீசர்ஸ், டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல் ஆகிய பந்தய நிறுவனங்களைத் தன் அதிகாரபூர்வக் கூட்டாளிகளாக ஏற்றது. பல்கலைக்கழகங்களும் சும்மா இருக்கவில்லை. கொலராடோ பல்கலைக்கழகம் பாயின்ட்ஸ்பெட் நிறுவனத்துடன் கைகோத்தது. அதன் வழியாகச் சேரும் ஒவ்வொரு புது வாடிக்கையாளருக்கும் 30 டாலர் என்று பேசப்பட்டிருந்தது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் சீசர்ஸுடன் ஒப்பந்தம் போட்டது. பந்தயம் கட்ட அழைக்கும் மின்னஞ்சல் 21 வயது நிரம்பாத மாணவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கண்டனம் கிளம்பிய பின் 2023இல்தான் பந்தயத் தொழில்துறை சங்கம் கல்லூரிகளுடன் இத்தகைய விளம்பர உறவு கூடாது என்று தன் நெறிமுறையைத் திருத்தியது.

என்.சி.ஏ.ஏ.வும் உறுதியாக நின்றதில்லை. வீரர்கள் தொழில்முறை ஆட்டங்களின் மீது பந்தயம் கட்டலாம் என்று 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. எதிர்ப்பு வலுத்ததும் உறுப்பினர்களே வாக்களித்து அந்த முடிவை நவம்பரில் ரத்துசெய்தார்கள். இரண்டே மாதங்களுக்குள் பாவம் நியாயமாகி, நியாயம் மீண்டும் பாவமாகிவிட்டது. இப்படித் தடுமாறும் அமைப்பு, தடுமாறிய மாணவருக்கு இன்னொரு வாய்ப்பு தரத் தயங்கலாமா?

டெக்கர்ஸையும் வேறு பல வீரர்களையும் சிக்கவைத்த அயோவா விசாரணை நடந்த விதமும் கவலைக்குரியது. பந்தயச் செயலிகள் எந்த இடத்தில் இயங்குகின்றன என்று காட்டும் மென்பொருளை வைத்து, வீரர்களின் விடுதியையும் பயிற்சிக் கூடத்தையும் குறிவைத்து, நீதிமன்ற வாரன்ட் இல்லாமலே மாநிலப் புலனாய்வாளர்கள் தேடினார்கள் என்று வீரர்கள் தரப்பு வாதிட்டது. 2024 மார்ச்சில் நான்கு பேர் மீதான வழக்குகளை அரசுத் தரப்பே கைவிட்டது. அவர்கள் கடைசிவரை வழக்கை எதிர்த்து நின்றவர்கள். முன்னதாகவே தவறை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய டெக்கர்ஸ் போன்றோருக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஒப்புக்கொள்பவர் ஏமாளி, இழுத்தடிப்பவர் கெட்டிக்காரர் என்ற பாடத்தை அல்லவா இந்த விவகாரம் மற்ற வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது?

மறுதரப்பின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. விதி எல்லோருக்கும் தெரியும், ஆண்டுதோறும் சொல்லித்தருகிறார்கள், மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சிறு பந்தயம்தான் பெருங்கடனாகிறது. கடன் வந்தால் கடன்காரன் வருவான். அவன் பணம் கேட்க மாட்டான், ஆட்டத்தைக் கேட்பான். இது கற்பனையல்ல. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் நட்சத்திர குவார்ட்டர்பேக் ஆர்ட் ஷ்லிக்டரை 1982 வீரர் தேர்வில் பால்டிமோர் கோல்ட்ஸ் நான்காவது ஆளாக எடுத்தது. மறு ஆண்டே சூதாட்டத்துக்காகத் தடை செய்யப்பட்டார். பிறகு மோசடி வழக்குகளில் சிறைக்குப் போனார். கூடைப்பந்து வீரர் ஜான்டே போர்ட்டர், சூதாட்டக் கடனில் சிக்கி, பந்தயக்காரர்களுக்காக ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறினார். 2024 ஏப்ரலில் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. அவருக்கு ஆயுள் தடை விதித்தது. அது சரியான தண்டனை.

ஆனால் இந்த இரண்டு கதைகளும் உண்மையில் எதைச் சொல்கின்றன? ஆபத்து கடனில் இருக்கிறது. கடனை மறைப்பதில் இருக்கிறது. முதல் பந்தயம் வெளியே தெரிந்தாலே வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கும் வீரர் பயிற்சியாளரிடமோ பெற்றோரிடமோ வாய் திறப்பாரா? மறைப்பார். அவர் மறைப்பதைத் தெரிந்துவைத்திருப்பவன் கையில் அவர் பொம்மையாவார். நிரந்தரத் தடை என்ற மிரட்டல் இங்கே மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கே ஆயுதமாகிறது. ஒப்புக்கொண்டால் சீசன் போகும், ஆனால் வாழ்க்கை போகாது என்ற உறுதி இருந்தால்தான் வீரர் தக்க நேரத்தில் பேசுவார். கருணைக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. ஆட்டத்தின் பாதுகாப்புக்கே இது தேவை.

ஆகவே என்.சி.ஏ.ஏ. மூன்று கோடுகளைத் தெளிவாகப் போட வேண்டும். ஆட்டத்தை விற்றவருக்கும் அணியின் ரகசியத்தை விற்றவருக்கும் நிரந்தரத் தடை. இதில் தயவு கூடாது. முடிவை மாற்ற முயலாமல் தன் அணி மீது பந்தயம் மட்டும் கட்டியவருக்கு ஒரு முழு சீசன் விலக்கம், கட்டாய ஆலோசனைச் சிகிச்சை, வங்கிக் கணக்கு முதல் செயலிகள் வரை கண்காணிப்பு. அதன்பின் களம் திரும்பும் உரிமை. பிற ஆட்டங்களில் சிறு தொகை கட்டி, தாமாக முன்வந்து சொல்பவருக்கு முதல் முறை ஆட்ட இழப்பு இல்லாத வழி.

இன்னொரு பக்கத்தையும் சரிசெய்தாக வேண்டும். ஒரு வீரர் எத்தனை கெஜம் எறிவார், எத்தனை புள்ளி எடுப்பார் என்று தனிநபர் மீது கட்டும் 'பிராப்' பந்தயம்தான் மாணவர்களை விலைபேச எளிதான வழி. அணி தோற்க வேண்டியதில்லை. ஒருவர் கொஞ்சம் குறைவாக ஆடினால் போதும். ஒஹையோ, மேரிலாந்து, வெர்மான்ட், லூசியானா மாநிலங்கள் 2024இல் கல்லூரி வீரர்கள் மீதான இத்தகைய பந்தயத்தைத் தடுத்தன. இதைக் கேட்டு மாநிலந்தோறும் குரல் கொடுப்பவர் என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர். மாசசூசெட்ஸ் ஆளுநராக 2022இல் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கிக் கையெழுத்திட்டவரும் அவரே. தன் கையெழுத்தின் விளைவை அவர் உணர்ந்திருந்தால் நல்லதுதான். எஞ்சிய மாநிலங்களும் அதே தடையைக் கொண்டுவர வேண்டும்.

தொழில்முறை அணிகளுக்கும் ஒரு சொல். 2025-26 முதல் பல்கலைக்கழகங்களே ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்று ஆகிவிட்டது. பணம் புழங்கும் இடத்தில் பந்தயமும் புழங்கும். இனி வரும் புதுமுகங்களில் இத்தகைய கறை படிந்தவர்கள் குறையப்போவதில்லை. அவர்களை எடைபோடும்போது அணிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் ஆட்டத்தை விற்றாரா? விற்றிருந்தால் கதவை மூடுங்கள். இல்லையென்றால், தண்டனையை அனுபவித்து முடித்தவரை அவருடைய ஆட்டத்தை வைத்து மட்டும் மதிப்பிடுங்கள்.