ஸ்டாப்பர் போனால் ஆட்டம் போச்சா?

ஒரு கால்பந்து அணியில் பெயர்பெற்ற டிஃபெண்டர் ஒருவர் இல்லாமல் போய்விட்டால், நம்மவர்கள் மூன்று வைத்தியம்தான் சொல்வார்கள். காயமோ, தடையோ, கிளப் மாற்றமோ, காரணம் எதுவானாலும் மருந்து மாறாது. ஒன்று, அவரைப் போலவே இன்னொரு பெரிய ஆளைக் காசு கொடுத்து இறக்கு. இரண்டு, நடுக்களத்தில் நன்றாக ஆடுகிறவனைப் பிடித்துப் பின்னால் நிறுத்து. மூன்று, பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் கூடி நின்று சமாளி. இந்த மூன்றுமே தவறு என்பது என் கட்சி.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் மாலையில் பந்து உதைக்கும் பையன்கள் அணி ஒன்றில், ஸ்டாப்பராக ஆடிய பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நல்ல உயரம், நல்ல குரல், தலையால் முட்டினால் பந்து பாதி மைதானம் போகும். அடுத்த மாதம் ராஜபாளையத்தில் போட்டி. உடனே பெரியவர்கள் கூடிப் பேசி, மதுரையிலிருந்து ஓர் ஆளை இறக்குவது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு 2000 ரூபாய், பஸ் செலவும் சாப்பாடும் தனி. வசூல் நோட்டு என் வீட்டுக்கும் வந்தது. பந்து வாங்கக் கேளுங்கள், பூட்ஸ் வாங்கக் கேளுங்கள், தருகிறேன். இதற்குத் தரமாட்டேன் என்றேன்.

"என்ன சார், ரெண்டாயிரம் ரூபாய்க்குப் போய் இப்படிப் பேசுறீங்க?" என்றார் கூட வந்த ஓய்வுபெற்ற வாத்தியார்.

"ரூபாய்க்காக இல்ல வாத்தியாரே. மூணு வருஷமா வெளிய உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போடுறானே ஒரு பையன், அவனுக்காகப் பேசுறேன்."

"அவன் சின்னப் பையன் சார். தோத்துட்டா யாரு பதில் சொல்றது?"

அன்று வாசலில் நின்று பேச முடியாததை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியில் நடந்ததைப் பாருங்கள். அந்த அணியின் தூணாக இருந்தவர் சண்டிகரைச் சேர்ந்த சந்தேஷ் ஜிங்கன். 2019 அக்டோபரில் அவருக்கு முழங்காலில் கடுமையான காயம். அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை. 2020 மே மாதம் கிளப்பை விட்டே விலகினார். கிளப் செய்தது என்ன? அவர் போட்டிருந்த 21-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. பிறகு தற்காப்புக்கு இரண்டு பெரிய வெளிநாட்டுப் பெயர்களைக் கொண்டுவந்தது. பிரான்ஸின் லியோன் அணிக்கு ஆடிய பகாரி கோனே ஒருவர், செக் நாட்டின் ஸ்பார்ட்டா பிராகாவில் ஆடிய கோஸ்டா நமோய்னெசு இன்னொருவர். இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. ஆனால் 2020-21 சீசனில் 20 ஆட்டங்களில் 36 கோல் வாங்கி, 11 அணிகளில் 10-வது இடத்தில் முடிந்தது பிளாஸ்டர்ஸ்.

அடுத்த சீசனில் அதே கிளப் வேறு வழியில் போனது. குரோஷியாவின் மார்க்கோ லெஸ்கோவிச்சைக் கொண்டுவந்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் மணிப்பூரைச் சேர்ந்த ருய்வா ஹார்மிபாம் என்ற இளம் பையனை நம்பி நிறுத்தினார்கள். 2021 டிசம்பரில் கோல்கீப்பர் அல்பினோ கோம்ஸ் காயம்பட்டு வெளியேறினார். அப்போதும் அலறவில்லை. பெஞ்சில் இருந்த பிரப்சுகன் கில் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். அந்த சீசனின் சிறந்த கோல்கீப்பர் விருது கடைசியில் அந்தக் கில்லுக்குத்தான் போனது. அணி இறுதி ஆட்டம் வரை வந்து, ஐதராபாத்திடம் பெனால்டியில்தான் தோற்றது.

வெளியாள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருப்பவனுக்குத் துணையாக வரட்டும். அவன் வாயில் மண்ணைப் போட வரவேண்டாம்.

இரண்டாவது வைத்தியம் இன்னும் ஆபத்தானது. பார்க்கப் புத்திசாலித்தனமாகத் தெரியும். 2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டன் அணியுடன் ஆடும்போது லிவர்பூலின் வான் டைக்குக்கு முழங்கால் போயிற்று. அப்போது அவர்கள் இங்கிலாந்தின் சாம்பியன்கள். அடுத்தடுத்து மற்ற டிஃபெண்டர்களும் காயப்பட, நடுக்களத்தில் ஆடிய ஃபபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இறக்கினார்கள். பின்னால் ஓட்டை அடைந்ததோ இல்லையோ, நடுவில் இரண்டு ஓட்டை விழுந்தது. பந்து எதிரணியின் காலுக்குப் போனால் மறிக்க நடுவில் ஆள் இல்லை. சொந்த மைதானத்தில் வரிசையாக ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றார்கள். அந்தக் கிளப்பின் வரலாற்றில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை.

பிறகுதான் புத்தி வந்தது. ஃபபின்யோ தன் இடத்துக்குத் திரும்பினார். பின்னால் நேட் பிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ் என்று யாரும் கேள்விப்படாத இளைஞர்கள் நின்றார்கள். வில்லியம்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் ஆறாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர். கடைசி 10 ஆட்டங்களில் 8 வெற்றி, 2 சமன். அணி மூன்றாம் இடத்தில் முடிந்தது. வான் டைக் அந்த சீசனில் திரும்பவே இல்லை.

மூன்றாவது வைத்தியம் பயத்தின் குழந்தை. புதுப் பையனை நம்பாமல் எல்லோரும் கோலுக்கு முன்னால் போய் அடைந்துகொண்டால், நடுக்களம் முழுவதும் எதிரணிக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. நாம் அடித்து விரட்டும் பந்து ஒவ்வொன்றும் அவர்கள் காலில்தான் போய் விழும். அங்கிருந்து திரும்ப வரும். இருபது தடவை வந்தால் ஒரு தடவை உள்ளே போகாமலா இருக்கும்? ஒருவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் தலையில்தான் அத்தனை பந்தையும் இறக்குகிறோம்.

இதில் மனநிலையும் ஒரு பாதி. ஒரே தேதியில் நடந்த இரண்டு உலகக் கோப்பை அரையிறுதிகளை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

1998 ஜூலை 8. பிரான்ஸ், குரோஷியாவை 2-1 என்று வென்றது. ஆனால் அவர்களுடைய லோரான் பிளான் சிவப்பு அட்டை வாங்கி, இறுதி ஆட்டத்தில் ஆட முடியாமல் போனார். எதிரே வரப்போவது ரொனால்டோவின் பிரேசில். பிளானுக்குப் பதில் இறங்கியவர் ஃபிராங்க் லெபஃப். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயர்கள் அன்று வேடிக்கையாக இருந்தன. பிளான் என்றால் வெள்ளை. லெபஃப் என்றால் காளை மாடு. வெள்ளை போனது, காளை வந்தது! பிரான்ஸ் யாருக்கும் இரங்கல் கூட்டம் போடவில்லை. லெபஃப் தன் இடத்தில் நின்றார், மற்றவர்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள். பிற்பாதியில் தெசாயியும் வெளியேற்றப்பட்டு, பத்துப் பேராக ஆடியும் 3-0 என்று கோப்பையை வென்றார்கள்.

2014 ஜூலை 8. பிரேசில் தன் சொந்த நாட்டில் ஜெர்மனியை எதிர்கொண்டது. காயத்தால் நெய்மார் இல்லை. மஞ்சள் அட்டைகளால் கேப்டனும் டிஃபெண்டருமான தியாகோ சில்வா இல்லை. தேசிய கீதத்தின்போது நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணீரோடுதான் ஆட்டமே தொடங்கியது. சில்வா விட்டுப்போன வேலையை யார் யார் செய்வது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த டேவிட் லூயிஸ் எல்லாவற்றையும் தானே செய்துவிடத் துடித்து, தன் இடத்தை விட்டுவிட்டு முன்னே ஓடிக்கொண்டிருந்தார். 29-வது நிமிடத்தில் 5-0. முடிவில் 7-1. பாவம், சில்வாவுக்குப் பதில் வந்த தாந்தேயைத்தான் எல்லோரும் திட்டினார்கள்.

"பெரிய ஆள் இருந்தால் இதெல்லாம் நடக்காது" என்று வாத்தியார் சொல்வார். சரி, நம் சென்னையின் எஃப்.சி.யைப் பாருங்கள். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் 3-2 என்று வென்று சாம்பியன் ஆனார்கள். தலையால் முட்டி இரண்டு கோல் போட்டவர் டிஃபெண்டர் மெய்ல்சன் ஆல்வெஸ். அடுத்த சீசனில் கூட்டாளி செரெனோ இல்லை, ஆனால் மெய்ல்சன் இருந்தார். அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசி இடம். தேசிய அணியும் அப்படித்தான். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஜிங்கன் மீண்டும் காயப்பட்டார். அந்த ஆண்டு முழுவதும் இந்தியா ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஜிங்கன் இல்லாததால்தான் என்று சிலர் எழுதினார்கள். அவர் இருந்தபோதே ஆஸ்திரேலியாவிடமும் உஸ்பெகிஸ்தானிடமும் தோற்றோமே, அதற்கு என்ன கணக்கு? தற்காப்பு என்பது பதினொரு பேரின் வேலை. ஒருவர் தலையில் ஏற்றி வைத்தால், அவர் இருக்கும்போதும் கஷ்டம், போனபிறகும் கஷ்டம்.

அப்படியானால் என்னதான் செய்வது? நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். தலைமை எழுத்தர் மாற்றலாகிப் போனால் ஆபீஸே கவிழ்ந்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் பேச்சு வரும். கவிழாது. பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு. சாவி யாரிடம், ரொக்கப் பதிவேடு யாரிடம், நிலுவைக் கோப்புகள் எத்தனை என்று பட்டியல் போட்டுப் பிரித்துக் கொடுத்துவிட்டால் மறுநாள் காலை ஆபீஸ் நடக்கும்.

அதே பட்டியலை இங்கேயும் போடுங்கள். போன ஸ்டாப்பர் செய்த வேலைகள் நான்கு. பின்வரிசையை "ஏறு, இறங்கு" என்று சத்தம் போட்டு நகர்த்துவது. உயரப் பந்தைத் தலையால் முட்டுவது. முந்திக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்துவது. பிடித்த பந்தை ஒழுங்காக நடுக்களத்துக்குக் கொடுப்பது. இந்த நான்கையும் செய்ய ஒரே ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். குரலை கோல்கீப்பரிடம் ஒப்படையுங்கள். மைதானம் முழுவதும் அவர் கண்ணில்தான் இருக்கிறது. கார்னர் வரும்போது உயரமான ஃபார்வர்டு பின்னால் வந்து முட்டட்டும். ஓட்டத்துக்கு விங் பேக் இருவரில் வேகமானவன் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கட்டும். பந்தை எடுத்துப் போக நடுக்களக்காரன் பத்து அடி கீழே இறங்கி வந்து கேட்கட்டும். புதுப் பையனுக்கு மிஞ்சுவது ஒரே வேலை: இடத்தை விட்டு அசையாமல் நிற்பது. அதை மூன்று வருஷம் வெளியே உட்கார்ந்து பார்த்தவன் செய்வான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. ஆடிப்பூரத் தேரில் எல்லார் கண்ணும் வடத்தின் மேலும், மேலே ஆண்டாள் ரெங்கமன்னார் மேலும் இருக்கும். தேர் திரும்புவதும் நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில். அதில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் ஒரு வருஷம் வர முடியாமல் போனால், தேரை நிலையிலேயே நிறுத்திவிடுவோமா? மதுரையிலிருந்து கூலிக்கு ஆள் கூப்பிடுவோமா? பக்கத்தில் நின்று பழகியவர் கட்டையைக் கையில் எடுப்பார். மற்றவர்கள் அன்று வடத்தைக் கொஞ்சம் நிதானமாக இழுப்பார்கள். அவ்வளவுதான்.

2019 அக்டோபர் 15, கொல்கத்தாவில் இந்தியாவும் வங்கதேசமும். ஜிங்கன் காயம்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் இடத்தில் அனஸ் எடத்தொடிகா நின்றார். 0-1 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தில், 88-வது நிமிடத்தில் கார்னர் பந்தைத் தலையால் முட்டிச் சமன் செய்தவர் இன்னொரு டிஃபெண்டர் ஆதில் கான். ஜெயிக்கவில்லைதான், ஆனால் தூண் போன வாரத்திலும் மிச்சத் தூண்கள் தங்கள் வேலையைச் செய்தன.

கடைசியாக அந்த 21-ஆம் எண் சட்டைக்கு வருகிறேன். அதைச் சுவரில் மாட்டி வைத்தது மரியாதை என்று கேரள நண்பர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் 2014-ல் பிளாஸ்டர்ஸ் முதல் சீசனுக்கு வந்தபோது ஜிங்கன் யார்? யுனைடெட் சிக்கிம் என்ற சிறிய அணியில் ஆடிவிட்டு வந்த 21 வயதுப் பையன். அவன் சின்னப் பையன், தோற்றால் யார் பதில் சொல்வது என்று அன்று யாராவது வெளியே உட்கார வைத்திருந்தால், மாட்டி வைக்க இன்று சட்டையே இருந்திருக்காது. போனவருக்கு மரியாதை செய்ய வேண்டுமானால், அந்தச் சட்டையைத் துவைத்து அடுத்த பையனிடம் கொடுங்கள். அவன் முதல் ஆட்டத்தில் ஒரு பந்தைத் தவற விடுவான். விடட்டும். அப்போது மைதான ஓரத்தில் நின்று திட்டாமல் இருப்பதுதான் பெரியவர்களாகிய நாம் கொடுக்க வேண்டிய நன்கொடை. அதற்கு வசூல் நோட்டுத் தேவையில்லை.