தொட்டி அழகுதான், சில்லர் எப்படி?



கோடை இதழுக்கு நுங்குப் பாயசம், மோர்க்குழம்பு என்று குறிப்புகள் வந்து குவியும் என்று காத்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ஐஸ் குளியலைப் பற்றி! "ஜிம்முக்குப் போகும் பையன் வீட்டிலேயே குளிர்நீர்த் தொட்டி வேண்டும் என்று நச்சரிக்கிறான். மட்டமானதும் வேண்டாம், சேமிப்பை எல்லாம் கொட்டவும் முடியாது, எதை வாங்குவது?" என்று மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மூட்டு வலிக்கு ஆகுமா என்று ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர்.

குற்றாலத்தில் தலையைக் கொடுத்தவர்களுக்குக் குளிர்ந்த நீரின் சுகத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் இந்தத் தொட்டிகளில் பேச்சு 10 முதல் 15 டிகிரி. நம் சமவெளி ஊர்களில் மார்கழி விடியலில்கூடக் குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஐஸ் வாங்கிப் போட்டால் போதாதா என்றால், 400 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 10க்கு இறக்கக் கிட்டத்தட்ட 90 கிலோ ஐஸ் வேண்டும். தினமும் ஐஸ் கம்பெனிக்கு யார் வண்டி அனுப்புவது? தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினான சில்லர் இல்லாமல் இந்தப் பழக்கம் ஒரு வாரம் தாங்காது.

கடையில் உங்களுக்குக் காட்டுவது தொட்டியைத்தான். மரச்சட்டம், நீல விளக்கு, போனிலேயே இயக்கும் வசதி. நடுத்தர விலையில் நீங்கள் கொடுக்கும் பணம் உருப்படியாக வேலை செய்ய வேண்டிய இடம் சில்லர். "அரை ஹெச்.பி. சார்" என்பார்கள். அது கம்ப்ரஸரின் திறன். தண்ணீரிலிருந்து எத்தனை வாட் வெப்பத்தை இழுக்கும், வெளியே எத்தனை டிகிரி இருக்கும்போது இழுக்கும் என்று கேளுங்கள். மேலே சொன்ன 400 லிட்டருக்கு வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 9.3 கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் இழுக்கும் சில்லருக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் விளம்பரத் தாளில். 40 டிகிரி வெயிலில், இழுத்த வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் அது திணறும். நேரம் இன்னும் நீளும். இதையே காற்றோட்டமில்லாத பாத்ரூமுக்குள் வைத்தீர்களானால், தன் மூச்சையே தான் திரும்ப இழுக்கும் கதைதான்.

என்னைக் கேட்டால், நம் வெயிலுக்கு அரை ஹெச்.பி.க்குக் கீழே இறங்காதீர்கள். ஒரு ஹெச்.பி. கட்டுப்படியாகவில்லை என்றால் அரை ஹெச்.பி.யோடு தொட்டியை 300 லிட்டருக்குள் சுருக்குங்கள், சில்லரை மேலும் சுருக்காதீர்கள். சுவர் தடிமனாக, மூடி இறுக்கமாக இருக்கட்டும். இறக்கிய குளிரைக் காப்பது அவைதான். மூடி இன்னொன்றுக்கும் உதவும்: நாலு நாள் மெஷினை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால், திறந்த தொட்டி டெங்கு கொசுவுக்குப் பிரசவ வார்டு.

ஒரு சின்ன உபாயம். மே மாதப் பிற்பகலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அதை நிரப்பிவிட்டு மெஷினைத் திட்டாதீர்கள். விடியற்காலையில் நிரப்புங்கள். 38 டிகிரித் தண்ணீருக்கும் 30 டிகிரித் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம், 400 லிட்டரில், அதே ஒரு கிலோவாட் சில்லருக்குச் சுமார் நாலு மணி நேர வேலை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தொட்டு நிற்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு பில்லில் தெரியும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிக்காரர்கள் வெப்பமாற்றிக் குழாய் டைட்டானியமா என்று விசாரியுங்கள். உப்பையும் குளோரினையும் அது தாங்கும். ஃபில்டர் உள்ளூரில் கிடைக்குமா, கேஸ் இறங்கினால் நம் தெரு ஏ.சி. மெக்கானிக் கை வைக்க முடியுமா என்பது ஐந்தாண்டு வாரண்டி என்ற வாசகத்தைவிட எனக்கு முக்கியம். தொட்டிக்கு, மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் முப்பது மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, எர்த் சரிபார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். ஈரக் கையும் மின்சாரமும் சேருமிடம் அது.

மாடியில் வைக்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். குடியிருப்பு அறைத் தளங்களுக்கு இந்தியத் தர விதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. 400 லிட்டர் தண்ணீர், தொட்டி, உள்ளே உங்கள் பையன், எல்லாம் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் சொச்சத்தில் உட்கார்ந்தால் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கட்டட இன்ஜினீயரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். தரைத்தளம் உத்தமம்.

மதுரை அம்மாவின் பையனுக்கு ஒரு செய்தி. 2015இல் 'ஜர்னல் ஆஃப் பிசியாலஜி'யில் வந்த ஆய்வில், எடைப் பயிற்சி முடித்த கையோடு 12 வாரம் குளிர்நீரில் இறங்கியவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்தது. உடம்பு ஏற வேண்டுமென்றால் பயிற்சி முடிந்த உடனே வேண்டாம், தம்பி. வாரத்துக்கு 11 நிமிடம் போதும் என்று எல்லோரும் சொல்வது 2021இல் டென்மார்க்கில் குளிர்கால நீச்சல்காரர்களிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. அவர்கள் சானா அறையிலும் உட்கார்ந்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை!

வங்கி அதிகாரி ஐயாவுக்கு: குளிர்நீரில் இறங்கிய முதல் நிமிடத்தில் மூச்சு திணறும், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறும். பி.பி., இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கட்ட வேண்டும். தனியாக இறங்கவே கூடாது. வாங்குவதாக இருந்தால் உயர்ந்த பீப்பாய் வடிவம் வேண்டாம். காலைத் தூக்கி உள்ளே வைக்க மூட்டு ஒத்துழைக்க வேண்டுமே. படியும் கைப்பிடியும் உள்ளதாகப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிய வாசகர்கள் ஊரின் பெயர், தொட்டியின் லிட்டர், சில்லரின் ஹெச்.பி., 10 டிகிரிக்கு வர ஆன நேரம், சர்வீஸ் ஆள் வந்த லட்சணம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்