75 மில்லிமீற்றரும் அரைப் பெயரும்

ஊவாவின் மழைக்காலம் ஐப்பசியில் பிறக்கிறது. மேற்கு மலைநாடு தென்மேற்குப் பருவமழையில் நனையும் ஆடி, ஆவணி மாதங்களில் பதுளை, ஹாலிஎலப் பக்கத்து மலைகள் கச்சான் காற்றில் காய்கின்றன. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித் தந்த மணம் அந்த வறட்சியின் கொடை. அதே வறட்சி மண்ணில் வெடிப்புகளையும் விட்டுச் செல்கிறது. சருகும் மண்ணும் வடிகான்களை அடைத்துவிடுகின்றன. பின்னர் வரும் முதற் பெருமழையை வறட்சி தீர்ந்ததென்று வரவேற்கிறோம். அந்த நீர் மலைக்குள் இறங்குவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சரிவில் கிடக்கும் மண் தன் துகள்களின் உராய்வினாலேயே நிலைத்து நிற்கிறது. துகள்களின் இடைவெளிகளை நீர் நிரப்பும்போது பாரம் கூடுகிறது, பிடிமானம் தளர்கிறது. மழை விட்ட பிறகும் நீர் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆதலால் வானம் வெளுத்ததை ஆபத்து நீங்கியதற்கு அத்தாட்சியாகக் கொள்ள முடியாது.

மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. அதன் கணக்கு எளிமையானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஐ எட்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஐ எட்டினால் வெளியேறிவிட வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறங்களாலும் இதனைச் சொல்கிறார்கள். விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. அதன் பிறகு நடப்பதைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானதென்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுகளால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மீரியபெத்தைக்குப் பின்னர் பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மக்கள் எச்சரிக்கையை மதிப்பதில்லை என்று அதிகாரிகள் குறைப்படுவதுண்டு. இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்பதற்கில்லை. எச்சரிக்கை பிரதேச செயலகத்தின் பெயரால் வருகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணோ தன் மலையின் பெயரால் உலகை அறிந்தவள். அது தன் மலைக்கும் உரியதென்று அவள் புரிந்துகொண்டாலும், காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பெயர் விழாது. இடையில் இறங்கினால் அரைப் பெயர். மலை சரியுமா என்பது ஐயம். சம்பளம் குறையும் என்பது நிச்சயம். இந்த இரண்டுக்குமிடையில் ஓர் ஏழைத் தாய் எதனைத் தெரிவுசெய்வாள்? இதனை அலட்சியம் என்பது அநீதி.

ஆகவே என் கருத்து இதுதான். தோட்டங்களில் அன்றாட மழையை அளந்து பதிவது நெடுங்கால வழக்கம். அந்த எண் அலுவலகப் புத்தகத்திலேயே உறங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு காலையும் பிரட்டுக்களத்துப் பலகையில் அது தமிழில் எழுதப்படட்டும். 75 ஐத் தாண்டினால் செங்குத்து மலைகளுக்கு ஆள் அனுப்பக் கூடாது. பிள்ளைகளைச் சரிவோர ஒற்றையடிப் பாதையில் பாடசாலைக்கு நடக்கவிடக் கூடாது. 150 ஐ எட்டும்வரை காத்திராமல், முதியோரும் கர்ப்பிணிகளும் 100 இலேயே இடம்பெயர்க்கப்பட வேண்டும். அந்த நாட்களுக்கு முழுப் பெயர் போட வேண்டும்.

மழைக்கெல்லாம் வேலை நிறுத்தினால் தோட்டம் நட்டப்படும் என்று கம்பனிகள் சொல்லக்கூடும். மழைக்கெல்லாம் நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. ஒரே நாளில் 75 மில்லிமீற்றர் கொட்டும் மழை ஆண்டில் சில நாட்களுக்குரியது. அந்தச் செலவைத் தோட்டமும் அரசும் பகிர்ந்துகொள்ளலாம்.

மலைப்பாதையில் நடப்போர் மழைமானியின்றியே அறியக்கூடிய குறிகளும் உண்டு. தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், இல்லாத இடத்தில் திடீர் ஊற்று, தெளிந்திருந்த பீலித் தண்ணீரில் சேற்றுக் கலங்கல்: இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் சரிவுக்கு நேர் கீழே நிற்கக் கூடாது, பக்கவாட்டில் விலகி மேட்டுநிலத்துக்குச் செல்ல வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கோ, 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கோ உடனே அறிவிக்க வேண்டும்.

இவை யாவும் தற்காலிகக் காப்புகளே. ஆபத்தான சரிவிலிருக்கும் லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான நிலமும் காணி உறுதியும் கிடைக்கும் வரை எமது மக்கள் ஒவ்வோர் ஐப்பசியிலும் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் உறங்கப் போவார்கள். போக ஓர் இடம் இல்லாதவனிடம் போ என்று சொல்வது எச்சரிக்கை ஆகாது.