வதந்தியைப் பெற்றவர் யார்?

"செல்பேசி கெடுத்தது! வாட்சப் நஞ்சைப் பரப்பியது!" என்று முழங்கினர் கனவான்கள், 2021 டிசம்பரிலே. தோழர்களே, அந்த மார்கழி இரவை மறந்திருக்கமாட்டீர்கள். ஐபோனுக்கு உருக்கொடுக்கும் திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையிலே அமர்ந்தனர். விடுதியிலே உண்ட சோறு நஞ்சாயிற்று. 159 பேர் மருத்துவமனை சென்றனர். "தோழியர் சிலர் மாண்டனர்" என்ற செய்தி கைக்குக் கை பறந்தது. பொய்ச் செய்தி! எவரும் மாளவில்லை. பொய்யைப் பொய் என்றுரைக்க நமக்குக் கூச்சமில்லை.

ஆனால் அந்தப் பொய் ஏன் நம்பப்பட்டது?

ஆல்போர்ட், போஸ்ட்மன் எனும் அமெரிக்க உளநூலார் இருவர், 1947இல் கணக்கொன்று போட்டனர். செய்தி எவ்வளவு முக்கியம், நிலைமை எவ்வளவு தெளிவற்றது, இரண்டையும் பெருக்கு. அதுவே வதந்தியின் வலிமை என்றனர். ஒன்று சுழியானால் வதந்தியும் சுழி. பெருக்கிப் பாருங்கள்! பக்கத்துப் பாயிலே படுத்தவளின் உயிரைவிட முக்கியம் எது? அவள் எங்கே, எப்படியிருக்கிறாள் என்ற வினாவுக்கோ நம்பத்தக்க விடையில்லை. இருட்டை வளர்த்தவர்கள், இருட்டிலே தடுமாறியவளை ஏசினர்! சோற்றைச் சமைத்தது செல்பேசியா? விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிப்படி இல்லையென்று ஆப்பிள் நிறுவனமே அம்மாதம் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்ததே!

2018 மே மாதம், போளூர் அருகே குழந்தை கடத்த வந்தவள் என்ற வதந்தியால் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றனர். அவ்வாண்டே, ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் செய்தியை முன்னனுப்ப இயலாதபடி வாட்சப் கட்டுப்படுத்திற்று. நன்று. வேகம் குறையும், விவேகம் வளருமா?

விடுதிப் பெண் நம்புவது செய்தியை அல்ல, அனுப்பிய தோழியை. பேருந்து எப்போது வரும், மிகைநேரக் கூலி எவ்வளவு என்று அவள் கற்பதும் அதே தோழியிடந்தான். பொய் வரும் வழியே அறிவும் வருகிறது. வழியை அடைப்பவன் இரண்டையும் அடைக்கிறான்.

நம்மீதும் குற்றமுண்டு. படிப்பகத்திலே ஒருவர் ஏடு படிப்பார், பத்துப்பேர் கேட்பர், பதினோராமவர் "யார் பார்த்தது?" என்று மடக்குவார். கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு அந்தப் பதினோராமவரே பேராசிரியர்! கட்டிலிலே தனித்திருந்து திரையைப் பார்ப்பவளுக்கு அவர் எங்கே? 2024இல் சுங்குவார்சத்திரத்திலே 37 நாள் வேலைநிறுத்தம் செய்த சாம்சங் தொழிலாளர் கையிலும் செல்பேசி இருந்தது. கூடவே சங்கம் இருந்தது.

ஒரகடத்திலே, வல்லத்திலே, இருங்காட்டுக்கோட்டையிலே நம் கொடிக்கம்பங்கள் உண்டு. அவற்றினடியிலே பெண்கள் அமர ஒரு பெஞ்சு உண்டா? இரண்டாம் ஷிப்டு முடித்து வருபவள் "இது மெய்யா?" என்று கேட்க ஓர் ஆள் உண்டா? கிளைச் செயலாளர்கள் எழுதுங்கள்.