இருண்ட படமும் வெளுத்த முகமும்

சென்ற ஆண்டுக் கல்லூரி விழாவிற்கு மறுநாள், நம் பாடகர் குழுவினர் ஆலயத்தின் அருகே வேம்பின் நிழலில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். நேரம் நண்பகல். பின்னே வெயிலில் ஒளிரும் வெண்சுவர். நின்றார் அனைவரும் வெள்ளாடை உடுத்தவர். படத்தில் சுவர் நன்கு விளங்கிற்று. முகங்களோ கரிய நிழல்களாய் ஒழிந்தன. பின்வரிசையினரை ஈன்ற தாயரும் இன்னார் என்று அறியார்.

இது படம் எடுத்தாரின் குற்றமன்று. காமிராவின் ஒளியளவி, தன்முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்தது என்று கொண்டே அளக்கும் இயல்பினது. வெண்மை மிக்கதைக் கண்டால் ஒளி மிகுந்ததென மயங்கி அதனைக் குறைத்துவிடும். பனிமலையைப் படம் எடுப்பார்க்கும் இவ்விடரே நேர்கின்றது.

அங்ஙனம் இருண்ட படத்தைக் கெட்டதென்று எறிதல் தகாது. காமிராவின் மூலப்பதிவாகிய ‘ரா’ கோப்பு 14 பிட் அளவினதாயின், ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 16,384 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பெறும். நாம் நாள்தோறும் அனுப்பிக்கொள்ளும் ஜேபெக் கோப்பிலோ ஒரு நிறத்திற்கு 256 படிகளே உள. ஆதலின் மூலப்பதிவின் இருளினுள்ளே விழியும் நகையும் அடங்கிக் கிடத்தல் கூடும். லைட்ரூம், டார்க்டேபிள் முதலிய மென்பொருள்களால் இருட்பகுதியை மட்டும் உயர்த்த, அவை வெளிப்படும். மிக உயர்த்தின் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும், அது பொறுக்கத்தக்கதே. மிகையொளியால் முற்றும் வெளுத்த இடமோ மீளாது. அங்கே பதிந்தது ஒன்றுமில்லை.

இம்முயற்சி கணினியோடு பிறந்ததுமன்று. ஆன்ஸெல் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கர் 1941-இல் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவெழுந்த காட்சியைப் படம் பிடித்தார். ஒளியளவி அவ்வேளை கைக்கு அகப்படாமையால், நிலவின் ஒளியளவை நினைவிற்கொண்டு கணக்கிட்டே எடுத்தார். அந்நெகடிவின் மெலிந்த கீழ்ப்பகுதியை 1948-இல் மருந்திட்டு வலுப்படுத்தினார். ஆங்குள்ள கல்லறைகளில் இல்லாத சிலுவையொன்றை அவர் நடவில்லை, பதிந்ததையே பெருக்கினார். (பின்னாள் அச்சுக்களில் வானத்து மெல்லிய மேகங்களை இருளில் மறைத்தார், அஃது எனக்குச் சிறிது மனக்குறையே.)

நம் படத்திற்கு நேர்ந்தது வேறு. அதனைத் திருத்திய நண்பர் (அன்பினாற் செய்தார் என்பதை மறவேன்) முகங்களை விளக்கியதோடு அமையாது, எல்லாரையும் வெளுப்பாக்கிவிட்டார். குழுவில் பாதிக்குமேற்பட்டோர் கருநிறத்தர். படத்தில் ஒருவரும் இலர். குழுவினர் ஒருவர் தம் முகத்தையே சுட்டி, “இவர் யார்?” என வினவி நகைத்தார், யாங்களும் நகைத்தோம். அப்படத்தை அவர் தம் இல்லத்திற்கு அனுப்பவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இருள் வேறு, கருமை வேறு. முன்னது கருவியின் பிழை, பின்னது பிழையன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணும் மயக்கம் நம் நண்பருக்கு மட்டும் உரியதும் அன்று. படச்சாலைகளில் நிறத்தைச் சரிபார்த்தற்குக் கோடாக் நிறுவனத்தார் வழங்கிய ‘ஷர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளை மாதரின் உருவமே இருந்தது. பல நிறத்து மாதரும் ஓரட்டையில் இடம்பெற்றது 1990-களில்தான். ஒன்பதாம் கற்பனை நாவிற்கு மட்டும் உரியதென நாம் கருதுகின்றோம் போலும். படமும் சாட்சியன்றோ?

தமிழ் பயில்வார்க்கு இதனை விளக்க ஏடுகளே போதும். புறநானூற்றை 1894-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சிதைந்த இடங்களைத் தம் புலமைகொண்டு நிரப்பவில்லை; புள்ளியிட்டு விடுத்தார். 267, 268-ஆம் பாட்டுக்கள் இன்றும் இல்லை. இப்பொழுது பெருகியுள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, பதியாத விழியையும் பல்லையும் தாமே புனைந்து வைக்க வல்லன. அவற்றை இவ்விதழின் படங்களுக்குப் பயன்படுத்தலாகாது என்பதும், திருத்துவார் மூலப்பதிவை அழியாது காத்தல் வேண்டுமென்பதும் என் கருத்து.

நற்பேறாக, பாடகர் குழுப் படத்தின் மூலப்பதிவு இன்னும் உளது. அதனை வாங்கி, நின்றோரையும் உடனிருத்தி மீண்டும் திருத்தினேன். அவரவர் நிறம் அவரவர்க்கு வந்தது. வேம்பின் அடிமரத்தை ஒட்டி நின்ற ஒருவர் முகம் மட்டும் எவ்வாற்றானும் தெளியவில்லை. அதனை அவ்வாறே விட்டு, கீழே அவர் பெயரைச் சேர்த்துள்ளேன்.