பரணில் போட்டதும் எடைக்குப் போட்டதும்

கறுப்புத் தட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேல் எல்.பி. ரெக்கார்டுகள் விற்றன, சி.டி. 3 கோடியே சொச்சம்தான். எண்ணிக்கையில் ரெக்கார்டு சி.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அப்போதுதான். நம் ஊரிலும் அந்தக் காற்று வீசுகிறது. காபிக் கடைச் சுவர்களில் இளையராஜா பட எல்.பி. உறைகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. ‘எக்கோ’ முத்திரை போட்ட தட்டு கீறலில்லாமல் கிடைத்தால் ஆயிரங்களில் பேரம் நடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதல் சம்பளத்தில் டர்ன்டேபிள் வாங்குகிறார்கள்.

‘ரெக்கார்டு திரும்பி வந்துவிட்டது’ என்று தலைப்புப் போடுகிறோம், ஏதோ அது கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளை போல. அது எங்கும் போகவில்லை. நாம்தான் எடைக்குப் போட்டோம்.

எண்பதுகளில் கேசட் மலிந்ததும் மைக் செட்காரர்கள் ரெக்கார்டுகளை மூட்டை கட்டினார்கள். அதுவரை கல்யாண வீட்டிலும் அம்மன் கொடையிலும் குழாய் ஸ்பீக்கரில் ‘திருவிளையாடல்’ வசனம் ஓடியது அந்தத் தட்டுகளிலிருந்துதான். எல்.பி. தட்டு பி.வி.சி. பிளாஸ்டிக், காயலான் கடையில் அதற்கு ஒரு விலை உண்டு. அதற்கு முந்தைய தலைமுறை, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டு, அரக்கில் செய்தது. அதற்கு அந்த விலையும் இல்லை. கை தவறினால் சில்லு சில்லாகிவிடும். எல்.பி.யை வெந்நீரில் போட்டு வளைத்துப் பூச்சட்டி செய்தவர்களும் நம்மில் உண்டு. கிராமபோனின் பித்தளைக் குழாயை மட்டும் புளி போட்டுத் துலக்கி வரவேற்பறையில் வைத்தோம். பாட்டு போய்விட்டது, பாத்திரம் மிஞ்சியது. 1985 மே மாதம் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளுக்காக வருந்தி எழுதியவர்கள் பலர். பக்கத்திலேயே இருந்த ரெக்கார்டுக் கடைகள் நம் நினைவுக்கே வரவில்லை.

போனது என்ன என்பது தெரிந்தால்தான் செய்ததன் கனம் தெரியும். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. இன்று அதன் ஒரு பிரதியும் இல்லை. முப்பதுகளின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் கதி இதுதான். ஆகவே அந்தக் காலத்துத் தமிழன் எப்படிப் பாடினான், எப்படிப் பேசினான், மேடையில் எப்படிச் சிரிக்கவைத்தான் என்று காதால் அறிய நமக்கிருக்கும் முக்கியமான வழி அந்த அரக்குத் தட்டுகள்தான். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் தம் 27-ஆம் வயதில் இறந்தார். ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அவருடைய குரல் என்று நமக்கு இருப்பதெல்லாம் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் வீதம் மிஞ்சியவை மட்டுமே. வீணை தனம்மாளின் விரல் முப்பதுகளில் பதிவான சில தட்டுகளில்தான் இன்னும் அசைகிறது. இவர்களுடைய தட்டுகளாவது ரசிகர்களின் பிடிவாதத்தால் தப்பின. மற்றவர்கள்?

கோயம்புத்தூர் தாயி என்று ஒரு பாடகி. 1872-இல் பிறந்தவர், 1917-இல் மறைந்தவர், தேவதாசி மரபில் வந்தவர். கிராமபோன் கம்பெனிக்காரர்கள் தென்னாட்டுக்கு வந்து குரல் தேடிய தொடக்க காலத்திலேயே ஏராளமாகப் பதிவு செய்தார். அந்தத் தட்டுகள் கடல் கடந்தன. பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், ராவெலின் மாணவர், தாயியின் ரெக்கார்டில் மயங்கினார்; 1912-இல் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் ஒரு பதிவை ஆதாரமாக வைத்தே ‘ராகமாலிகா’ என்று குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் உருப்படி எழுதினார். நம் தாள வாத்தியத்தின் அமுங்கிய ஓசை வேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்திக்கடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். பியானோத் தந்திக்குள் கைவைத்து ஓசையை மாற்றும் வழக்கத்தை வரலாற்றாசிரியர்கள் தேடிக்கொண்டு போனால் வந்து நிற்கும் முந்தைய இடங்களில் இதுவும் ஒன்று. ஒரு கோயம்புத்தூர்ப் பெண்மணியின் தொண்டை பாரிஸில் ஒரு பியானோவை மாற்றியிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

தெரியாததற்குக் காரணம் மறதி மட்டும் அல்ல. கூச்சம். தேவதாசி முறை 1947-இல் சட்டத்தால் ஒழிந்தது, ஒழிந்தது நல்லது. ஆனால் முறையை ஒழித்த கையோடு அந்தப் பெண்களின் பாட்டையும் வீட்டுக்கு வெளியே வைத்தோம். அதே மெட்டை வேறு வீட்டுப் பெண்கள் சபாவில் பாடியபோது சிவப்புக் கம்பளம் விரித்தோம். நாடகக் கொட்டகையில் பாடியவர்களுக்கும் இதே மரியாதைதான். முப்பதுகளில் சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் முதலாளிகளில் ஒருவரான ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் ரெக்கார்டு வியாபாரம் செய்தவர். அந்த வியாபாரத்தில் ஒரு முழு நாடகத்தைப் பல தட்டுகளில் பதிந்து ‘நாடக செட்’ என்று விற்பார்கள். பக்கத்துக்கு மூன்று நிமிடம், அதற்குள் பாட்டு, வசனம், கோமாளி எல்லாம் அடங்க வேண்டும். நம் சினிமாவின் பிள்ளைப்பருவம் அந்த செட்டுகளில் இருக்கிறது. வித்வான்களின் தட்டைப் பட்டுத்துணியில் சுற்றிய சேகரிப்பாளர்கள்கூடக் கோமாளியின் தட்டைக் கழித்துவிட்டார்கள்.

சுதந்திரப் போராட்டக் காலத்தில் சில தேசியப் பாடல் தட்டுகளைப் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. சினிமா வரலாற்று ஆய்வாளர் தியடோர் பாஸ்கரன் இதையெல்லாம் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறார். போலீஸுக்குத் தெரியாமல் அவற்றை வாங்கிக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தடையில்லாத காலத்தில், யாரும் மிரட்டாமல், நாமே அவற்றை அப்புறப்படுத்தினோம்.

அரசைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 1954-இன் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். நாளிதழுக்கும் அப்படியே. இசைத்தட்டு அந்தச் சட்டத்தில் இல்லை. பிரான்ஸ் 1938-லேயே தேசிய ஒலி நூலகம் ஒன்றைத் திறந்துவிட்டது. ஆனால் இங்கே அப்படி ஒன்று வேண்டும் என்று நாம் யாராவது ஊர்வலம் போனோமா? ஒரு தலையங்கம் எழுதினோமா? மொழிக்காக உயிரையே கொடுத்த சமூகம் இது. அந்த மொழி ஒலித்த விதத்தைக் காப்பாற்ற ஒரு கையெழுத்து இயக்கம்கூட நடத்தவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கு ஓலைச்சுவடி ஆராய்ச்சிப் பொருள், இசைத்தட்டு பொழுதுபோக்கு.

வேலையைச் செய்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். இந்தியாவின் முதல் ரெக்கார்டுகள் எவை, எந்த எண்ணில், யார் பாடியது என்று 1899 முதல் 1908 வரை பட்டியலிட்டுப் புத்தகம் போட்டவர் மைக்கேல் கின்னியர், ஆஸ்திரேலியர். ஓடியன் கம்பெனியின் இந்தியத் தட்டுகளைத் திரட்டிக் கணினியில் ஏற்றும் பணியில் முன்னின்றவர்கள் மும்பைச் சேகரிப்பாளர்கள். பணம் வந்தது பிரிட்டிஷ் நூலகம் வழியாக. அந்த ஓடியன் தட்டுகளைத்தான் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மவுண்ட் ரோட்டிலிருந்து நம் தாத்தாக்களுக்கு விற்றது. நம் ஊரிலும் விதிவிலக்குகள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளை எல்லாம் விழுங்கிய அச்சுச் சேகரிப்பை விட்டுச்சென்றார். 1992-இல் அவர் இறந்தபின் அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைநிறுத்த வழி செய்தது. திரையிசை வரலாற்றுக்கு வாமனன் தனி ஆளாக அலைந்தார். இலங்கை வானொலி, இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிய ஐம்பதுகளிலும் அதற்குப் பின்னும், நம் படத் தட்டுகளை நம்மைவிட ஒழுங்காக அடுக்கி வைத்து நமக்கே ஒலிபரப்பியது. இப்படிப்பட்டவர்களை நாம் வீட்டுக்குள் என்ன சொன்னோம் என்பதும் நமக்குத் தெரியும்: ‘பழைய குப்பை சேர்க்கிற கேஸ்.’

கேசட் விஷயத்தில் நம் குற்றம் இன்னும் பெரியது, ஏனென்றால் அங்கே கம்பெனியையோ சர்க்காரையோ கைகாட்ட முடியாது. ரெக்கார்டு போடக் கம்பெனி வேண்டும். கேசட்டில் நாமே பதிந்தோம். வளைகுடாவுக்குப் போன கணவனுக்கு மனைவி பேசி அனுப்பிய கேசட், மழலைக்கு முதல் சொல் வந்த கேசட், பாட்டியை மிரட்டி உட்காரவைத்து வாங்கிய தாலாட்டு, கோயில் திடலில் வாரியார் பேசியதை முன்வரிசையில் டேப் ரிக்கார்டரைத் தூக்கிப் பிடித்து எடுத்தது. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அவ்வளவு எளிய பூட்டு. நம் வீடுகளில் பலரும் அதை உடைக்கவில்லை. உடைத்திருந்தாலும், புதுப்படப் பாட்டு வந்து, கையில் காலி கேசட் இல்லாத ஒரு சாயங்காலத்தில், அந்தப் பொந்தில் காகிதத்தை மடித்துத் திணித்துப் பாட்டியின் மேல் அந்தப் பாட்டை ஏற்றினோம். அந்தப் பாட்டு இன்று எந்தக் கைபேசியிலும் கிடைக்கும். பாட்டி கிடைக்கமாட்டார்.

தப்பிய கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை. கல்யாண வீடியோவை சி.டி.க்கு மாற்றிக்கொடுத்த கடை மூடிவிட்டது, அந்த சி.டி.யைப் படிக்கும் கருவியும் இப்போது மடிக்கணினியில் கிடையாது.

இந்தப் பின்னணியில்தான் ரெக்கார்டின் மறுவருகையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. புதிதாக அச்சிடப்படுபவை எவை? ஏற்கெனவே எல்லா வடிவத்திலும் கிடைக்கும் வெற்றிப் படங்கள். அவற்றில் பலவற்றுக்கும் மூலம் கணினிக் கோப்புதான். வாங்கட்டும், தவறில்லை; ஊசி தட்டில் இறங்கும் அந்த ‘சர்’ ஓசைக்கு ஒரு சுகம் உண்டு, ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் திருப்பிப் போடுவதிலும் உண்டு. ஆனால் வாங்குவதைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஐயாயிரம் ரூபாய் கொடுத்து எல்.பி. வாங்குகிற நாம், ஒரே ஒரு பிரதி மிஞ்சிய நாடகப் பாடகியின் தட்டு பழைய சாமான் கடையில் கிடந்தால் தாண்டிப் போகிறோம். அதற்கு உறையில்லை, படமில்லை, சுவரில் மாட்ட முடியாது.

சட்டச் சிக்கல் என்ற சாக்கும் இனிச் செல்லாது. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவின் மீதான உரிமை வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டு. கிட்டப்பா காலத்துத் தட்டுகள் அதை எப்போதோ தாண்டிவிட்டன. பழைய பாட்டுகளை யூடியூபில் ஏற்றுகிறவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பெரும்பாலும் ஆண்டு இல்லை, தட்டின் எண் இல்லை, கூட வாசித்தவர் பெயர் இல்லை. மேலே யாரோ பூ படத்தை வைத்துவிடுகிறார்கள். காப்பதிலும் நம் அலட்சியம் தொடர்கிறது.

ஆகவே வாசகர்களே, இந்த மாதம் ஒருநாள் பரணில் ஏறுங்கள். அரக்குத் தட்டு இருந்தால் உடனே போட்டுக் கேட்க ஆசைப்பட வேண்டாம். அதன் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசி அதற்குப் பொருந்தாது, பழைய இரும்பு ஊசியோ தட்டையே தேய்த்துவிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். நடுவிலுள்ள சீட்டைப் படமெடுத்து, சீட்டுக்கு வெளியே கறுப்பில் பொறித்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தை, அல்லது உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தைக் கேட்டுப்பாருங்கள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்றும் கேளுங்கள். வீட்டு மனிதர் குரல் உள்ள கேசட் கிடைத்தால் முதலில் அந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடையுங்கள். கேசட்டை ஓட்டத் தெரிந்த மெக்கானிக் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.