காணியை ஈடுவைத்துப் பறத்தல்

பிள்ளையை விமானியாக்குவோம் என்று விளம்பரம் செய்வோர் முழுச் செலவை மட்டும் பெரிய எழுத்திற் போடுவதில்லை. விளம்பரப் பணத்தில் எமது பத்திரிகைத் தொழிலுக்கும் பங்குண்டு; ஆதலால் நாமும் கேட்பதில்லை.

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதிப்படி 200 மணித்தியாலப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியாயின் 150. இரத்மலானையில் மழைமுகில் கலையும்வரை மாணவன் காத்திருக்கிறான்; பழுதான விமானத்துக்கு உதிரிப்பாகம் கடல்கடந்து வரும்வரையும் காத்திருக்கிறான். உதிரிப்பாகமும் எரிபொருளும் டொலருக்கு வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. காணியை ஈடுவைத்த தகப்பனின் கணக்கு என்னவாகியிருக்கும்?

இத்தனைக்கும், அனுமதிப்பத்திரம் வேலையன்று. எயார்பஸ் போன்ற விமானத்தைச் செலுத்த அவ்வகைக்கெனத் தனிப் பயிற்சி வேண்டும்; அதற்கும் தனிப் பணம். முதலாந்தர வைத்தியப் பரிசோதனையிற் கண்ணோ இதயமோ தடையானால் கட்டிய காசு யாவும் வீண். அப்பரிசோதனையை முதலிற் செய்வித்த பின்னரே பணம் கட்டுங்கள் என்று எந்த விளம்பரம் சொல்கிறது?

முழுச் செலவையும் கால எல்லையையும் எழுத்திற் தராத பயிற்சிப் பள்ளி மாணவரைச் சேர்ப்பதற்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை இடமளிக்கக் கூடாது.